சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலி

மைக்கக்காவிடம் ரகசியம் சொல்லக் கூடாது என்பது அந்தத் தகர டப்பா தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அவள் போய் யாரிடமும் சொல்லிவிடுவாள் என்பதற்காக அல்ல. உயிரே போனாலும் சொல்ல மாட்டாள். ஆனால் ரகசியத்தைக் கேட்டுவிட்டு "ஐயையோ, அப்படியா?" என்று அவள் ஆச்சரியப்படுவதே கேட் வரைக்கும் போய்விடும். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரியிடம் அவள் ஒரு கேள்வி கேட்டால் டிரைவர் பதில் சொல்வார். பிறக்கும்போதே மைக்கை முழுங்கிவிட்டுப் பிறந்தவள் என்று யாரோ ஒருத்தி கேலி பேசப்போய், பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றைக்கே செத்துப்போயிற்று. சம்பளச் சீட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது. "கூப்பிடறதுக்கு ஒரு பேரு வேணும், அவ்வளவுதானே" என்பாள், அதையும் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

பிறக்கும்போது அவள் எதையும் முழுங்கவில்லை என்பதுதான் உண்மை. இருபது வயதில் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது அவள் குரலும் எல்லோர் குரலையும் போலத்தான் இருந்தது. பிரஸ் ஹாலில் வேலை. தகரத் தகட்டை மெஷினுக்குள் தள்ள வேண்டும், மேலேயிருந்து இரும்பு இறங்கி ஓங்கி ஒரு அடி அடிக்கும், கீழே டப்பா மூடி விழும். மறுபடியும் தள்ளு, அடி, விழு. ஹால் முழுக்க அப்படிப்பட்ட மெஷின்கள். தரை அதிரும், பல் அதிரும், மூலையில் வைத்த டிபன் பாக்ஸுக்குள் ஸ்பூன் தானாக ஆடும். பக்கத்தில் நிற்பவளின் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் அவளுக்குக் கிடைப்பது வெறும் காற்றுதான்.

அதற்காக மனுஷ ஜாதி வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுமா? அந்த ஹாலில் கையாலேயே ஒரு பேச்சு இருந்தது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. முஷ்டியை உள்ளங்கையில் குத்தினால் மெஷின் மாட்டிக்கொண்டது. வயிற்றுக்கு முன்னால் பெரிய வட்டம் போட்டால் மேனேஜர் வருகிறார். அவருடைய தொப்பை அப்படி. மிச்சத்தை உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வார்கள். மாமியார் சண்டை, பிள்ளையின் பரீட்சை, புதுச் செருப்பு கடித்த கதை எல்லாம் சத்தமே இல்லாமல் ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்விட்டுப் பதிலோடு திரும்பி வரும். இந்தப் பேச்சில் மைக்கக்காவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. மேனேஜர் அந்தப் பக்கம் போனதும் அவர் நடையை நடித்துக் காட்டுவாள் பாருங்கள், மெஷின் முன்னால் நின்றபடியே ஹால் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். "நம்ம பாஷையில இல்லாத வார்த்தையே இல்ல" என்று பீற்றிக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு சொந்தம், தங்கச்சி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்து வைத்தது வரை அக்காதான். தனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை மட்டும், "ஒருத்திய வளர்த்து ஆளாக்கவே எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. இன்னொருத்தரையும் வளர்க்க நம்மால ஆகாதும்மா" என்று விரட்டியடித்தாள். தங்கச்சிக்கு வேலை வேண்டும் என்றபோது கையைப் பிடித்துக் கூட்டி வந்து, சூப்பர்வைசரிடம் மன்றாடி, தன் மெஷினுக்கு அடுத்த மெஷினிலேயே நிற்க வைத்தாள். கண் பார்வையில் இருக்கட்டும் என்றுதான். பெற்றால்தான் பிள்ளையா என்ன!

இப்போது காது டெஸ்ட் கதைக்கு வருவோம்.

அந்தக் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை முகாம் நடக்கும். முதன்முதலில் காதைப் பரிசோதித்த வருஷம், மெஷின்களுக்கு எண்ணெய் போடுகிறவர் தேறவில்லை. தங்கமான மனுஷன். அத்தனை மெஷின்களையும் அவர்தான் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். "காது கேட்காதவர் மெஷின் பக்கத்தில் நின்றால் ஆபத்து" என்று சொல்லி அவரைக் கேட்டில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் கேட்டுக்கும் ஆள் அதிகம் என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் ஷிஃப்ட் நேரத்துக்குக் குளித்துத் தலை வாரிக்கொண்டு கேட்டுக்கு எதிரே வந்து நிற்பார். பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். காது டெஸ்ட் என்றால் வேலைக்கு வேட்டு என்று அன்றைக்கு ஒவ்வொருத்தி மனதிலும் பதிந்துபோயிற்று.

பிறகு கம்பெனிக்கு ஹெல்த் மேடம் வந்தாள். தொழிலாளர்களின் ஆரோக்கியத்தைக் கவனிப்பதற்கென்றே போட்ட அதிகாரி. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பெண். காலையில் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்திக் கையைக் காலை ஆட்ட வைப்பாள். தண்ணீர் குடித்தீர்களா, முதுகு வலிக்கிறதா என்று ஹால் ஹாலாகக் கேட்டுக்கொண்டு வருவாள். சுவரெல்லாம் "உங்கள் ஆரோக்கியமே எங்கள் சொத்து" என்று ஒட்டினாள். காதில் வைத்துக்கொள்ள மஞ்சள் பஞ்சு உருளைகளைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தாள். அவற்றில் பாதி, ஆடுகிற ஸ்டூல்களின் காலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. "அதை வச்சா தலையே அடைச்ச மாதிரி இருக்கு மேடம்" என்பார்கள். மேடம் சிரித்துக்கொண்டே இன்னொரு பெட்டியை நீட்டுவாள்.

அவள் வந்த பிறகு நடந்த முதல் காது டெஸ்ட்டில்தான் மைக்கக்கா தன் கைவரிசையைக் காட்டினாள். முதலுதவி அறையில் ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன், இந்தப் பக்கம் டெஸ்ட்டுக்கு வந்தவள், காதில் ஹெட்போன். டெக்னீஷியன் ஒரு பட்டனை அழுத்துவார், மெல்லிய ஒலி வரும், கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இவ்வளவுதான் டெஸ்ட். "வரிசையை நான் பாத்துக்கறேன் மேடம், இவளுக எல்லாம் சந்தைக் கூட்டம்" என்று சொல்லிக்கொண்டு மைக்கக்கா டெக்னீஷியனின் முதுகுப் பக்கம் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் அவர் விரல் தெரியும். விரல் பட்டனை அழுத்தினால் அவள் மூக்கைத் தேய்த்துக்கொள்வாள். எதிரே இருப்பவள் கையைத் தூக்குவாள். வாழ்நாள் முழுக்கக் கையையும் முகத்தையும் பார்த்தே பேசியவர்களுக்கு இது ஒரு வேலையா? மைக்கக்காவின் முறை வந்தபோது ஊசி அந்த இடத்தில் நின்று மூக்கைத் தேய்த்தாள். ஊசி என்பது அவள் கூட்டாளி. ஆள் அவ்வளவு ஒல்லி.

தப்பு எங்கே நடந்தது என்றால், ரொம்பவும் நன்றாகச் செய்துவிட்டார்கள். பிரஸ் ஹாலில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் பாஸ். ஆபீஸில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் கணக்காளருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று வந்தது. "நாள் முழுக்க பேப்பர் புரட்டறவருக்குக் காது மந்தம், பிரஸ் அடிக்கிற உங்களுக்கெல்லாம் பாம்புச் செவியா! எப்படிக்கா?" என்று மேடம் கேட்டாள். "நாங்க அவ்வளவா யாரு பேச்சையும் காதுல போட்டுக்கறதில்ல மேடம், அதான் தேயாம இருக்கு" என்றாள் மைக்கக்கா. அறையே சிரித்தது. சாயங்காலம் பேருந்தில் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடாத குறைதான்.

கம்பெனிக்கும் கொண்டாட்டம். "எங்கள் பிரஸ் ஹாலில் நூற்றுக்கு நூறு ஆரோக்கியமான காதுகள்" என்று வாசலில் பேனர் கட்டினார்கள். ஏதோ ஒரு சங்கம் விருது கொடுத்தது. மேனேஜருக்குக் குஷி தாங்கவில்லை. நம் ஆட்களின் காதுதான் நன்றாக இருக்கிறதே, ஊருக்கு ஏதாவது செய்வோம், சமூகப் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று சொல்லி, காது கேட்காத ஏழைகளுக்கு இலவசமாகக் காதுக் கருவி கொடுக்க முகாம் நடத்தினார். மேடையில் கருவியை எடுத்துக் கொடுக்க, பிரஸ் ஹாலின் சார்பில் யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நம் மைக்கக்காவைத்தான்.

அவளும் சந்தோஷமாகத்தான் போனாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கருவியை மாட்டிக்கொண்டதும் பக்கத்தில் நின்ற மனைவி ஏதோ சொன்னாள். அவர் "இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டுக்கொண்டே விசும்பினார். அதைப் பார்த்து மைக்கக்கா அவரைவிடச் சத்தமாக அழுதாள். முகாம் முடிவில் எடுத்த படம் கேன்டீன் சுவரில் மாட்டப்பட்டது. அவள் பக்கத்தில் ஹெல்த் மேடமும் நின்றிருந்தாள். படத்தில் எல்லோரும் சிரிக்க, மேடத்தின் முகம் மட்டும் ஏன் அப்படித் தொங்கிப்போயிருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் அது நடந்தது. தங்கச்சிக்கு அப்போது பெண் குழந்தை பிறந்து, தவழ ஆரம்பித்திருந்தது. குட்டியை உள்ளறையில் கட்டிலில் தூங்க வைத்துவிட்டு, அக்காவும் தங்கச்சியும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலும் அவர்களுக்குக் கைப்பேச்சுதான் பாதி. ஊசி வீட்டுச் சண்டையை அக்கா நடித்துக் காட்ட, தங்கச்சி கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாசல் கதவு படாரென்று திறந்தது. தங்கச்சியின் புருஷன் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, சமையலறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக உள்ளறைக்கு ஓடினான். பின்னாலேயே பக்கத்து வீட்டு அம்மா. இரண்டு பெண்களும் ஒன்றும் புரியாமல் எழுந்து போய்ப் பார்த்தால், குட்டி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தலைகீழாகச் சிக்கிக் கிடந்தது. அவன் கட்டிலை இழுத்துக் குழந்தையைத் தூக்கினான். அழுது அழுது முகம் கறுத்துப்போய், தேம்பக்கூட மூச்சில்லாமல் அது வாயைத் திறந்து திறந்து மூடியது.

"தெருமுனையில இறங்கும்போதே கேட்குது!" என்றான் அவன். அதிர்ந்து பேசத் தெரியாத ஆள், அன்றைக்குக் கத்தினான். "பக்கத்து ரூம்லதான உட்கார்ந்திருந்தீங்க ரெண்டு பேரும்? அக்கா, நீங்களுமா?"

"நானும் ரொம்ப நேரமா கதவைத் தட்டினேனே" என்றாள் பக்கத்து வீட்டு அம்மா. "யாருமே இல்லையோன்னு நெனச்சேன்."

"தூங்கிட்டுதானே இருந்தா" என்று தங்கச்சி முனகினாள். "எனக்கு ஒண்ணுமே... என் காது நல்லாத்தாங்க இருக்கு. டெஸ்ட்லகூட..." அத்தோடு நிறுத்திவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். மைக்கக்காவின் விரல் அவளுக்கே தெரியாமல் மூக்குக்குப் போயிருந்தது.

தன் காது போனது மைக்கக்காவுக்கு எப்போதோ தெரியும். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. வயசாகிறது, ஹாலில் நிற்கிறோம், போனால் போகட்டும், வேலை இருக்கிறதே என்றுதான் இருந்தாள். ஆனால் தங்கச்சி சின்னப் பெண். குழந்தை அழுவது பெற்றவளுக்கே கேட்கவில்லை. அவள் காதில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதுவாவது நிற்குமா என்று யாரிடம் கேட்பது? நூற்றுக்கு நூறு என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதே! அன்று முழுவதும் அந்த வீட்டில் மைக் பேசவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன்பே ஹெல்த் மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம், தன்னால் முடிந்த மட்டும் மெதுவாகப் பேசியும் காரிடார் முழுக்கக் கேட்டது. மூக்கைத் தேய்த்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, மெஷினைச் சுத்தி சத்தத்தை அடக்கற கூடு போடணும்னு வந்த நாள்லேருந்து நான் கேட்டுட்டு இருக்கேன். நல்ல காது மூடி வாங்கணும், ஆளுங்களை மாத்தி மாத்தி சத்தமில்லாத இடத்துல நிக்க வைக்கணும்னு எல்லாம் எழுதிக் கொடுத்தேன். முதல்ல டெஸ்ட் ரிசல்ட் காட்டுன்னாங்க. காட்டினேன். காதெல்லாம் நல்லா இருக்கே, எதுக்குக் கூடுன்னுட்டாங்க. அந்தப் பணத்துலதான் ஊருக்கு முகாம் நடத்தினாங்க."

மைக்கக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே! சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டோமே! ஏன் மேடம் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"



"மறுபடி டெஸ்ட் வைங்க" என்றாள் மைக்கக்கா. "ஆனா தேறாதவங்களை வெளிய அனுப்ப மாட்டோம்னு ஒரு வாக்கு வாங்கிக் குடுங்க."

மேடம் பொய் சொல்லவில்லை. "வாக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லக்கா. போன ரிசல்ட் தப்புன்னு சொன்னா முதல்ல என் தலைதான் உருளும். உருளட்டும், நான் போய்க் கேக்கறேன்" என்றாள். கேட்டுவிட்டும் வந்தாள். மறு டெஸ்ட்டுக்கு மேனேஜர் ஒத்துக்கொண்டார். வேலை விஷயத்துக்கு மட்டும் "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்ற சொல்லுக்கு உலகம் பூராவும் ஒரே அர்த்தம்தான்.

சாயங்காலம் பேருந்தில் விஷயத்தை உடைத்தாள். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். ஊசிக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. எழுந்து நின்று, மைக்கக்கா உதட்டைப் படிக்க வசதியாக முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள். "சும்மா கிடந்த சங்கை எதுக்குடி ஊதிக் கெடுக்கற? எண்ணெய்க்காரர் கதி மறந்துபோச்சா?"

"மறக்கல. அதான் முதல்ல நான் உட்காரப்போறேன். வேட்டு வச்சா எனக்கு வைக்கட்டும்."

"உனக்கென்னம்மா, குடும்பமா குட்டியா? எங்களுக்கு அப்படியா?"

சொல்லிவிட்டு ஊசியே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"குட்டி இருக்கு" என்றாள் மைக்கக்கா. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. "நேத்து அது உசிர் போற மாதிரி கத்தியிருக்கு. பக்கத்து ரூம்ல நான் சிரிச்சுட்டு இருந்தேன்."

ஊசி மெல்லத் தன் சீட்டில் உட்கார்ந்தாள். ஆனால் சரி என்று யாரும் சொல்லவில்லை.

டெஸ்ட் நாள். அதே அறை, அதே மேஜை, அதே டெக்னீஷியன். வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பிரஸ் ஹால் முழுவதும் வரிசையில் நின்றது. மைக்கக்கா உள்ளே போய், நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். "இப்படி உட்கார்ந்தா உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதேம்மா" என்றார் டெக்னீஷியன். "உங்க மூஞ்சி எனக்குத் தெரியக் கூடாதுன்னுதாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

எதிரே சுவரில் "உங்கள் ஆரோக்கியமே எங்கள் சொத்து". அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். ஒரு மூலையில் பசை விட்டுப்போயிருந்தது. இந்த டெக்னீஷியன் என்ன இவ்வளவு சாவகாசமாக இருக்கிறார், மெஷினைச் சரிசெய்கிறாரோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். ஒலி வந்த உடனே கையைத் தூக்க வேண்டும் என்று வலது கையை மடியில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பொறுமை போய்விட்டது.

"தம்பி, எப்பத்தான் ஆரம்பிப்பீங்க? வெளிய எவ்வளவு பேரு நிக்கறாங்க!"

யாரோ தோளைத் தொட்டார்கள். ஹெல்த் மேடம் சுற்றிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். மேடத்தின் உதடுகள் மெதுவாக அசைந்தன.

"முடிஞ்சிடுச்சுக்கா."

மைக்கக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே எல்லாக் கைகளும் ஒரே கேள்வியைக் கேட்டன: என்ன ஆச்சு, என்ன ஆச்சு? பதில் சொல்லக் கையைத் தூக்கினாள், தூக்கிய கை அப்படியே நின்றது. டீக்குக் கை இருந்தது, மேனேஜருக்கு இருந்தது, மாமியாருக்கு இருந்தது. இதற்கு மட்டும் அவர்கள் பாஷையில் ஒன்றுமே இல்லை. யாருக்குமே எதுவுமே கேட்காத ஹாலில் எனக்குக் கேட்கவில்லை என்று ஒருத்தி எதற்காகச் சொல்லியிருக்கப் போகிறாள்? அவள் உள்ளங்கையைக் காதில் வைத்து மூடினாள். பிறகு அந்தக் கையை எடுத்து, விரித்து, காலியாக அவர்களிடம் காட்டினாள். எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்தது தங்கச்சி. சுவரைப் பார்த்தே உட்கார்ந்தாள். மைக்கக்கா பழக்கதோஷத்தில் டெக்னீஷியனின் முதுகுப் பக்கம், தன் பழைய இடத்தில் போய் நின்றுவிட்டாள். அவர் விரல் பட்டனை அழுத்தியது. தங்கச்சியின் கை மேலே போனது. மறுபடியும் அழுத்தினார், கை போனது. நடுவில் ஒன்றிரண்டு தவறினாலும் அப்பாடா என்று இருந்தது. பிறகு அவர் வலது காதுக்கு மாற்றினார். விரல் அழுத்தியது. தங்கச்சி அசையவில்லை. மறுபடி அழுத்தியது, அசையவில்லை. மைக்கக்காவின் கை தானாகத் தூக்கிக்கொண்டு மூக்குக்குப் போயிற்று. சுவரைப் பார்த்திருப்பவளுக்கு அது தெரியவா போகிறது? ஆனாலும் போயிற்று. அந்தக் கையை இன்னொரு கையால் எட்டிப் பிடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். விரல் அழுத்த அழுத்த, தங்கச்சி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி, ஒலி வரப்போகிறது வரப்போகிறது என்று ஆசையோடு காத்துக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டு நின்ற அக்காவுக்குக் கண்ணீர் தாடையில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை.

இடது காதும் கொஞ்சம் மந்தம்தான், மிச்சத்தை இனியாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வலது காது கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது. ஹாலில் தங்கச்சியின் வலது பக்கம் நின்றது அக்காவின் மெஷின்.

மூன்றாவதாக ஊசி வந்தாள். டெக்னீஷியன் நாற்காலியைப் பழையபடி தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஊசி அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நாற்காலியைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வரிசை முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுந்தது. தேறியவர்களை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம்.

முடிந்ததும் மைக்கக்கா மேனேஜர் அறையை நோக்கி நடந்தாள். கூப்பிடாமலே மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். மேனேஜர் வாசலுக்கு வந்து, "என்ன இதெல்லாம்? என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். அவள் காதைப் பொத்தி, காலிக் கையை விரித்துக் காட்டினாள். பின்னால் அத்தனை பேரும் காதைப் பொத்தினார்கள், அத்தனை கைகளும் விரிந்தன. ஒரு சத்தம் இல்லை. மேனேஜர் அந்தக் கைகளைப் பார்த்தார். மேடையில் தன்னோடு நின்று காதுக் கருவி கொடுத்தவளைப் பார்த்தார். பாவம், அவரும் மனுஷன்தானே. ஹெல்த் மேடம்தான் முன்னால் வந்து, "ஊருக்குச் செய்யறதுக்கு முன்னாடி இவங்களுக்குச் செய்யணும் சார்" என்றாள். இந்தத் தடவை அவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. இழுபறி, வாக்குவாதம், கமிட்டி என்று ஆயிரம் தொல்லை. பேனரை மட்டும் அன்றைக்கே சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். ஆனால் ஒருத்தியையும் வெளியே அனுப்பவில்லை. மெஷின்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடு வந்தது. கனமான காது மூடிகள் வந்தன, ஸ்டூலுக்கு அடியில் வைக்க முடியாதவை. எண்ணெய்க்காரரையும் தேடிப் போய்க் கூப்பிட்டார்கள். "போதும்பா, இனிமே என்ன" என்று அவர் வர மறுத்துவிட்டார். அதில் மைக்கக்காவுக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போதும் காது டெஸ்ட் நடக்கிறது. முதலுதவி அறையில் அந்த நாற்காலியின் கால்களைத் தரையோடு திருகி வைத்துவிட்டார்கள், முகம் சுவரைப் பார்க்க.

மைக்கக்காவுக்குக் கருவி வந்தது. அதை மாட்டிக்கொண்டதும் அவளுக்கு முதலில் கேட்டது அவள் குரல்தான். "ஐயையோ, இப்படியா நான் இத்தனை வருஷமா கத்திட்டு இருந்தேன்?" என்று வெட்கப்பட்டுப் போனாள். குரல் தானாகத் தணிந்தது. மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்கப்பா என்று பேருந்தில் குறைபட்டுக்கொண்டார்கள். டிரைவருக்குக்கூடப் பொழுது போகவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் இன்னும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறார்கள். தங்கச்சியின் வலது காது உள்ளறைப் பக்கம் இருக்கும், அது எதையும் அவளுக்குச் சொல்லாது. குட்டி தூக்கத்தில் புரண்டு ஒரு முனகல் முனகும். மைக்கக்கா தலை நிமிராமல், கத்தியைப் பிடித்த கையாலேயே, மூக்கைத் தேய்ப்பாள். தங்கச்சி எழுந்து உள்ளே ஓடுவாள்.